நிறம் இறங்கும் மலை

வணக்கம் நேயர்களே.

தமிழில் பருவங்கள் ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலை உதிர்வதற்கென்று இதில் ஒரு காலம் கிடையாது. நம் காடுகளில் தேக்கு இலை கொட்டுவது மாசி, பங்குனியை ஒட்டி. மண்ணில் ஈரம் வற்றுவதால் கொட்டுகிறது. குளிர் வருவதை முன்கூட்டியே உணர்ந்து ஒரு மலை முழுவதும் நிறம் மாறி உதிர்வதை நான் முதலில் பார்த்தது தென் கொரியாவில். போன முதல் ஆண்டு அதைப் பார்க்காமலே திரும்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது வேலைக்காக சியோலில் இருந்தேன். செப்டம்பர் கடைசியில் ஒரு செய்தி வந்தது: சொராக்சான் மலையில் முதல் தன்பூங். தன்பூங் என்றால் மேப்பிள் மரம். இலை நிறம் மாறுவதற்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் பஸ் பிடித்து, மூன்று மணி நேரம் போல உட்கார்ந்து, கிழக்குக் கடற்கரையில் சொக்சோ என்ற ஊரில் இறங்கி, அடிவாரத்துக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் பச்சை. கொல்லிமலைக்கு வந்துவிட்டோமோ என்று நினைக்கும் அளவுக்குப் பச்சை. கடையில் உருளைக்கிழங்கு அடை தின்றுவிட்டுத் திரும்பினேன். அடை நன்றாகத்தான் இருந்தது.

செய்தியில் பிழை இல்லை. அதை நான் புரிந்துகொண்டதில்தான் பிழை. கொரிய வானிலைத் துறை இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. உச்சியிலிருந்து கணக்கிட்டு மலையில் 20 சதவீதம் நிறம் மாறினால் அது முதல் தன்பூங். 80 சதவீதம் மாறினால்தான் உச்சக்கட்டம். இரண்டுக்கும் நடுவே சொராக்சானில் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். நான் நின்றது அடிவாரத்தில். நிறம் அப்போது என் தலைக்கு மேலே ஆயிரம் மீட்டருக்கு அப்பால் இருந்தது.

100 மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும். அதனால் நிறம் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. நாளுக்கு 40 மீட்டர் என்பது அங்கே மலையேறிகள் வாயில் வழங்கும் கணக்கு. சொராக்சானின் உச்சி தேச்சோங்போங், 1,708 மீட்டர். அங்கே கண்ட சிவப்பு 700 மீட்டர் உயரத்துப் பள்ளத்தாக்குக்கு வந்துசேர 25 நாள் ஆகும். என்னிடம் தேதி கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த உயரத்தில் நடக்கப் போகிறீர்கள்?

அதைவிட நல்ல வழி, உச்சி முதல் அடி வரை ஒரே நாளில் நடந்துவிடுவது. மறு ஆண்டு அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அப்படித்தான் செய்தேன். ஓசேக் என்ற ஊரிலிருந்து உச்சிக்கு 5 கிலோமீட்டர்தான். ஆனால் வழியெல்லாம் செங்குத்தான படிகள், நான்கு மணி நேரம் பிடித்தது. இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறினோம். உச்சியை நெருங்கியபோது மரங்களில் இலையே இல்லை, குச்சி குச்சியாக நின்றன. தாமதமாக வந்துவிட்டேன் என்று மனம் சோர்ந்தது. மறுபக்கம் சோன்புல்தோங் பள்ளத்தாக்கில் இறங்க இறங்க முதலில் ஓக் மரங்களின் பழுப்பு, பிறகு மஞ்சள், அதன் பிறகு பாறை இடுக்கெல்லாம் மேப்பிளின் சிவப்பு. மாலையில் கோயிலருகே வந்தபோது பாதி மரங்கள் இன்னும் பச்சை. நவம்பரில் புறப்பட்டு செப்டம்பருக்கு வந்து சேர்ந்தது போல இருந்தது.

வழியில் ஒரு விளையாட்டு விளையாடினேன். மேலே சிவந்த இலையின் காம்பை விரல் நுனியால் தொட்டால் போதும், சத்தமில்லாமல் கையோடு வந்துவிடும். கிளையில் காய்ந்த ஒரு சிறு தழும்பு மட்டும் மிஞ்சும். கீழே பச்சை இலையை இழுத்தால் கிளைப்பட்டையும் கொஞ்சம் உரிந்து வருகிறது. காம்பின் அடியில் ஒரு பிரிபடலத்தை வளர்த்து, இலைக்கான வழியை மரம் மெல்ல அடைக்கிறது. பச்சையம் சிதைந்தபின் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. இலையில் தேங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாகும் நிறமி அது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு நன்றாக ஏறும். தொடர்ந்து மழை மூட்டமாக இருந்தால் மங்கிவிடும். செப்டம்பர் வெயில் நீண்டுவிட்ட ஆண்டுகளில் எல்லாமே தள்ளிப்போகும். அதனால் விடுப்பைச் சொல்லிவைக்கும்போது ஒரு வாரம் முன்பின் இடம் விட்டுச் சொல்லுங்கள்.

உதிர்ந்த இலை பார்க்க அழகு, மிதிக்க ஆபத்து. பாறைமேல் பனி ஈரத்தோடு படிந்த இலை, எண்ணெய் தடவிய தரைக்குச் சமம். அடியில் பள்ளம் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்றும் தெரியாது. எனக்கு முன்னால் போன ஒரு பாட்டி கைத்தடியால் ஒவ்வோர் இடமாகக் குத்திப் பார்த்துத்தான் காலை வைத்தார். நான் சறுக்கி உட்கார்ந்ததைப் பார்த்து, பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கொடுத்தார். அங்கே மலையேறுபவர்களிடம் தண்ணீர்ப் புட்டி இல்லாவிட்டாலும் வெள்ளரிக்காய் இருக்கும். அக்டோபர் கடைசியில் மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே இருட்டும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பாதையில் ஏறவும் விடமாட்டார்கள்.

நவம்பர் நடுவில் காட்டுத்தீத் தடுப்புக்காக உச்சிக்குப் போகும் பாதைகளை ஒரு மாதம் போல மூடிவிடுகிறார்கள். காய்ந்த சருகு அவ்வளவு கிடக்கிறது. அக்டோபரில் விடுப்பு கிடைக்காதவர்களுக்குத் தெற்கே நேஜாங்சான் மலை இருக்கிறது. அங்கே சிவப்பு உச்சம் தொடுவது நவம்பர் தொடக்கத்தில். அந்த ஆண்டு ஆசை அடங்காமல் அங்கேயும் போனேன். பஸ் நிறுத்தத்தில் வரிசை, மலைப்பாதையில் வரிசை, அடைக் கடையிலும் வரிசை.

நன்றி, வணக்கம்.