கோப்பு போன பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஒரு பெண்மணியின் மனு வருகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. 'ஆவணங்கள் முரண்படுகின்றன, திருப்பி அனுப்பலாம்' என்று குறிப்பெழுதிக் கோப்பைக் கட்டிவிடுகிறார் ஓர் எழுத்தர். அடுத்த இருக்கையில் இருப்பவர், அதே மாதிரியான மனுவுக்குப் பழைய பணிப்பதிவேட்டைத் தேடி எடுத்து, இரண்டு பெயரும் ஒருவருடையவைதான் என்று சான்றோடு எழுதி, அன்று மாலையே மேலதிகாரியின் மேசைக்கு அனுப்பிவிடுகிறார். இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே விதிகள். முதலாமவருக்கு ஒரு மெமோகூடக் கொடுக்க முடியாது, அவர் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் அந்தப் பெண்மணி மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டும்.

அரசுப் பணியில் இருந்த காலமெல்லாம் இந்த இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் என்னதான் வேறுபாடு என்று யோசித்திருக்கிறேன். ஜான் மேயர், நாடலி ஆலன் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் எழுதிய கட்டுரை எனக்கு ஒரு வழி காட்டியது. ஒருவர் ஒரு நிறுவனத்தில் நீடிப்பதற்கு மூன்று காரணங்களை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்: மனம் ஒன்றி விரும்பி இருப்பது, இருப்பதே முறை என்று கடமை உணர்வால் இருப்பது, விட்டுப் போனால் இழப்பு அதிகம் என்பதால் இருப்பது. நல்ல வேலையோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வருவது முதல் வகைதான். பணிப் பாதுகாப்பும் ஓய்வூதியமும் உள்ள இடத்தில் மூன்றாவது வகை எளிதில் வளர்ந்துவிடுகிறது. முப்பது ஆண்டு சர்வீஸ் என்பதையே ஈடுபாடு என்று நாம் எடுத்துக்கொள்வது அதனால்தான் பிழை.

சம்பளம் பெரிதல்ல என்று நான் சொல்ல வரவில்லை. மாதக்கணக்கில் ஊதியம் வராத ஒப்பந்தப் பணியாளரிடம் சேவை மனப்பான்மை பற்றிப் பேசுவது அநியாயம். ஆனால் சம்பளம் ஒழுங்காக வருகிற இடத்திலும் வேலை ஏனோதானோ என்று நடப்பதைப் பார்க்கிறோம். பொதுச் சேவையின்மேல் உள்ள பற்றே பலரை அரசு வேலைக்கு இழுக்கிறது என்று 1990லேயே பொது நிர்வாக ஆய்வாளர்களான ஜேம்ஸ் பெர்ரியும் லோயிஸ் வைஸும் எழுதினார்கள். அந்தப் பற்றோடு உள்ளே வருகிறவர், தான் எழுதிய குறிப்பால் யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே வருடங்களை ஓட்டுகிறார். பற்று வறண்டுபோகாமல் என்ன செய்யும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைபேசி வழியே நிதி திரட்டிய ஊழியர்களிடம் ஆடம் கிராண்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். 2007இல் அது வெளியானது. அந்த நிதியில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்த ஊழியர்கள், ஒரு மாதம் கழித்து முன்பு திரட்டியதைப் போல இரு மடங்குக்கும் மேல் திரட்டினார்கள். ஊதியம் ஒரு காசு உயரவில்லை.

அரசு அலுவலகத்தில் இது நேர்மாறாக நடக்கிறது. நன்றி சொல்ல வருகிறவர் அதிகாரியின் அறைக்கு வந்து, அப்படியே திரும்பிப் போய்விடுகிறார். நான் பிரிவுத் தலைவரான பிறகு, அப்படி வருகிறவர்களைக் கோப்பு எழுதியவரின் இருக்கைக்கே அழைத்துப் போகத் தொடங்கினேன். முதல் முறை அந்த எழுத்தர் பதறி எழுந்து, "ஏதாவது தவறாகிவிட்டதா சார்?" என்று கேட்டார். அவருடைய பதினெட்டு ஆண்டு சர்வீஸில், மனுதாரர் யாரும் குறை சொல்வதற்கன்றி அவரைத் தேடி வந்ததே இல்லை.