கம்பம் நட்டாச்சு, வந்து பந்து போடுங்க

(மேலூர் பக்கம் திருவாதவூரில் பொங்கல் விழா மேடை. தலைப்பு: "இலங்கையின் விளையாட்டுப் பெருமைக்குப் பெரிதும் காரணம் கிரிக்கெட்டா? மற்ற விளையாட்டுகளா?" இரண்டாவது அணியில் அரசுப் பள்ளி பி.இ.டி. டீச்சர் ஒருவர் பேசியது.)

நடுவர் அய்யா அவர்களே, எதிர்ல உக்காந்து ஏற்கெனவே ஜெயிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்குற அண்ணன்மார்களே, மந்தையில பாய் விரிச்சு உக்காந்துருக்குற அம்மாக்களே, இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து குடும்பத்தோட வந்துருக்குற எங்க உறவுகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இந்த ஊர்ல மைக்கப் பிடிக்கவே பயமா இருக்குங்கய்யா. மாணிக்கவாசகர் பிறந்த ஊரு. ஈழத்துல இருந்து வந்த புத்த குருவோட தில்லையில வாதம் பண்ணுனாரு, ஈழத்து ராசாவோட ஊமை மகளையே பேச வச்சாருன்னு கதை சொல்லுவாங்க. ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் இந்த ஊர்ல ஈழத்த வச்சுத்தான் வாதம் நடக்குது. ஒரே வித்தியாசம், என்னையப் பேச வைக்க யாரும் வரவேண்டியதில்ல. நிப்பாட்டத்தான் நடுவர் அய்யா கையில மணி இருக்கு.

எதிரணித் தலைவர் அண்ணன் பேசுனதக் கேட்டீங்க. 1996 மார்ச் 17, லாகூர், ஆஸ்திரேலியாவுக்கு எதிரா உலகக் கோப்பை இறுதி ஆட்டம், அரவிந்த டி சில்வா 107 நாட் அவுட், போதாக்குறைக்கு 3 விக்கெட். சொல்லும்போது அவருக்கே குரல் கம்முச்சு. முரளிதரன் 800 விக்கெட்டுன்னதும் நீங்க தட்டுன கைதட்டு மேலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுருக்கும். பொய் சொல்லக் கூடாது, நானும் தட்டுனேன். கண்டியில பிறந்த தமிழ்ப் பிள்ளை, 2010-ல காலிங்குற ஊரு மைதானத்துல, டெஸ்ட்ல போட்ட கடைசிப் பந்துல 800-ஐ முடிச்சாரு. அந்த விக்கெட்டு நம்ம இந்தியாவோட ஓஜா. நம்மாளு அவுட்டானதுக்கும் சேத்துத்தான் தட்டுனோம், அதுதான் மதுரக்காரங்க மனசு.

ஆனா அண்ணன் ஒரு வார்த்தை விட்டாரு பாருங்க. "கிரிக்கெட் இல்லேன்னா இலங்கைன்னு ஒரு நாடு இருக்குறதே உலகத்துக்குத் தெரிஞ்சுருக்காது." அங்கதான் நான் நாற்காலி நுனிக்கு வந்தேன்.

1948 பிப்ரவரி 4, இலங்கைக்குச் சுதந்திரம். அந்த ஜூலை கடைசியில லண்டன்ல ஒலிம்பிக். நாடு இன்னும் ஆறு மாசக் கைக்குழந்தை, குப்புற விழுகுற வயசு. அந்த நேரத்துல டங்கன் வைட்னு ஒருத்தர் 400 மீட்டர் தடை ஓட்டத்துல 51.8 விநாடியில ஓடி வெள்ளி வாங்கிட்டாரு. நம்ம பக்கம் தாய்மாமன் சீர் கொண்டாந்து புள்ள இடுப்புல வெள்ளி அருணாக்கொடி கட்டுவாருல்ல, அந்த மாதிரி கட்டுனாரு அந்த மனுசன். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைச்சது எப்ப? 1981. முதல் டெஸ்ட் ஆடுனது 1982 பிப்ரவரி. கிரிக்கெட்டு வந்து உலகத்துக்கு அறிமுகப்படுத்துறதுக்கு 33 வருசத்துக்கு முன்னாடியே அந்த நாடு ஒலிம்பிக் மேடையில ஏறி நின்னுருச்சு. நடுவுல 1958-ல டோக்கியோவுல ஆசிய விளையாட்டு. யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் உயரம் தாண்டுறதுல தங்கம். ஆசிய விளையாட்டுல இலங்கைக்கு வந்த முதல் தங்கமே அதுதான். பேரப் பாத்தீங்களா, எதிர்-வீர-சிங்கம். பேரு வைக்கும்போதே கம்ப எவ்வளவு உசரத்துல வைக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க போல.

இன்னைக்கு வரைக்கும் இலங்கை ஒலிம்பிக்ல வாங்குன பதக்கம் ரெண்டே ரெண்டு. ரெண்டும் ஓடி வாங்குனது. "கிரிக்கெட் ஒலிம்பிக்ல எங்கம்மா இருந்துச்சு?"ன்னு அண்ணன் முனங்குறது கேக்குது. நியாயமான முனங்கல்தான். 1900-க்கு அப்புறம் இல்ல, 2028-லதான் திரும்ப வருது. சரி, கணக்க வேற மாதிரி போடுவோம். 1996 உலகக் கோப்பையில ஆடுனது 12 நாடு. 2000-ல சிட்னி ஒலிம்பிக்குக்கு வந்தது 199 நாடு. பன்னெண்டு பேர் இருக்குற வகுப்புல முதல் மார்க் வாங்குறதும் பெருமைதான், நான் டீச்சரு, அதக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா 199 பேர் இருக்குற வகுப்புல மூணாவது வந்த பிள்ளைய ஏன் வாசல்ல நிக்க வைக்கிறீங்க?

அந்தப் பிள்ளை சுசந்திகா ஜயசிங்க. கேகாலை மாவட்டத்துக் கிராமத்துப் பொண்ணு. 1997-லயே ஏதென்ஸ் உலகப் போட்டியில 200 மீட்டர்ல வெள்ளி வாங்குனவ. அதே ஏதென்ஸ்ல சுகத் திலகரத்ன 400 மீட்டர்ல வெண்கலம். மறு வருசம் பாங்காக் ஆசிய விளையாட்டுல சுகத் ஒரு தங்கம், தமயந்தி தர்ஷா ரெண்டு தங்கம். இதெல்லாம் எந்த டீக்கடை டிவியில ஓடுச்சு? நம்ம கடையில ஓடுனது சார்ஜா கிரிக்கெட்டு.

சிட்னிக்கு வாங்க. 200 மீட்டர், சுசந்திகா மூணாவது, வெண்கலம். முதல்ல வந்தது அமெரிக்காவோட மரியன் ஜோன்ஸ். ஏழு வருசம் கழிச்சு, ஊக்க மருந்து சாப்ட்டுத்தான் ஓடுனேன்னு அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க. பதக்கம் போச்சு. 2009-ல சுசந்திகாவோட வெண்கலம் வெள்ளியாச்சு. நம்ம ஊர்ல பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி வெள்ளையாக்குவோம், அது ஆறு மாசத்துல பல்லக் காட்டிரும். இது ஒன்பது வருசம் பொறுத்து தானா வெளுத்த வெள்ளிங்கய்யா.

இதுல ஒரு விசயம் இருக்கு, ராத்திரி புத்தகத்தப் புரட்டும்போது எனக்கே புல்லரிச்சது. மரியன் ஜோன்ஸ எடுத்துட்டுப் பாத்தா அந்த மேடையில யாரு யாரு? முதல் இடம் பஹாமாஸ். ரெண்டாவது இலங்கை. மூணாவது ஜமைக்கா. மூணும் தீவு! சுத்தித் தண்ணி இருக்குற மூணு நாட்டுப் பொண்ணுங்க நிக்கிறாங்க, கண்டத்துக்காரங்க ஒருத்தரையும் காணோம். பயிற்சியாளர் யாரு, காசு எவ்வளவுன்னு ஆராய்ச்சி பண்றவங்க பண்ணட்டும். எனக்கு அந்த மேடைய மனசுக்குள்ள பாத்தாலே போதும்.

அடுத்து, "அந்த ஊர்ல தெருவுக்குத் தெரு ஆடுறது கிரிக்கெட்டுதான்"னு இவங்க அணியில ரெண்டாவதாப் பேசுன தம்பி சொன்னாரு. தம்பி, இலங்கையோட தேசிய விளையாட்டு எது? சொல்லுங்க. கூட்டத்துலயும் சொல்லலாம். பாருங்க, மொத்தப் பேரும் கிரிக்கெட்டுங்குறீங்க. இல்ல! வாலிபால். 1991-ல அறிவிச்சது. 1916-ல ஒய்.எம்.சி.ஏ. மூலமா தீவுக்குள்ள வந்த ஆட்டம், ஊரு ஊருக்குப் பரவி தேசிய விளையாட்டே ஆயிருச்சு.

எனக்கும் இது மூணு நாலு வருசம் முன்னாடி வரைக்கும் தெரியாது. சொல்லிக் குடுத்தது யாருன்னா, முகாம்ல இருந்து எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. வந்த அன்னைக்கே, "டீச்சர், இங்க கரப்பந்து இருக்கா?"ன்னு கேட்டா. எனக்குக் காதுல கரப்பான்னு விழுந்துச்சு. "ஸ்டோர் ரூம்ல நெறைய இருக்கு, ஏன்மா?"ன்னேன். அப்புறம்தான் புரிஞ்சது, கரம்னா கை, கரப்பந்துன்னா வாலிபால். புட்பாலு அவங்க வீட்ல உதைபந்து. கிரிக்கெட்டு துடுப்பாட்டம். நெட்பாலு வலைப்பந்து. இந்தப் பிள்ளை பிறந்ததே இந்த மண்ணுலதான், இலங்கையக் கண்ணால பாத்ததில்ல. ஆனா தாத்தா வாயில இருந்து வார்த்தைய மட்டும் சிந்தாம வாங்கி வச்சுருக்கு. தமிழ் வாத்தியாருக்குச் சம்பளம் எனக்குப் பாதி தரணும்.

அப்ப எங்க பள்ளிக்கூடத்துல பந்து இருந்துச்சு, வலை இல்ல. கேட்டு எழுதுன கடுதாசி எந்த மேசையில தூங்குச்சோ. அந்தப் பிள்ளையோட தாத்தா மறுநாள் சைக்கிள்ல ஒரு மூட்டையக் கட்டிட்டு வந்தாரு. பிரிச்சா, கண்மாய் வத்துனா மீன் பிடிக்கிற வலை. ரெண்டு வேப்பமரத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டி, மேல் விளிம்புல பழைய வேட்டியக் கிழிச்சு மடிச்சுத் தச்சுக் குடுத்தாரு, வெள்ளைப் பட்டை தெரியணுமாம். ஒரு பொடியன் ஸ்மாஷ் அடிச்சு, பந்து வலையில சுருட்டிக்கிட்டு நின்னா, "விரால் மாட்டிருச்சு டீச்சர்!"னு கத்துவான். கெளுத்தி வாடையோட ஒரு வருசம் பிராக்டிஸ் பண்ணிருக்கோம்.

அந்தத் தாத்தாதான் எனக்குத் தர்ஜினி சிவலிங்கத்தப் பத்திச் சொன்னது. எத்தனை பேருக்கு அந்தப் பேரு தெரியும்? முகாம் பக்கம் மட்டும் கை தூக்குறாங்க. பாத்தீங்களா அய்யா, இதுதான் என் வழக்கு.

யாழ்ப்பாணத்துப் பொண்ணு. உயரம் 208 சென்டிமீட்டர். நம்ம கணக்குல ஆறடி பத்து அங்குலம். நம்ம வீட்டு நிலையில குனிஞ்சுதான் உள்ள வரணும். நம்ம தெருவுல அப்படி ஒரு பொண்ணு வளந்தா என்ன சொல்லுவோம்? "இவளுக்கு மாப்பிள்ளைய எங்கிட்டுப் போய்த் தேடுறது?" ஒட்டடைக் கம்புன்னு பட்டம் வைப்போம். அந்த உயரத்த அந்தப் பொண்ணு கொண்டுபோய் வலைப்பந்து வளையத்துக்குக் கீழ நிறுத்துச்சு.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிசம். பேஸ்கட்பால் மாதிரிதான், ஆனா வளையத்துக்குப் பின்னால பலகை கிடையாது, பந்தத் தட்டிக்கிட்டே ஓட முடியாது. கைக்கு வந்தா 3 விநாடிக்குள்ள கைய விட்டுப் போயிரணும். கோல் போடுற உரிமை ஏழு பேர்ல ரெண்டு பேருக்குத்தான். அதனால அவங்க டீம் ஆட்டமே எப்படின்னா, எதிராளி கை எட்டாத உசரத்துக்குப் பந்தத் தூக்கிப் போடு, மேல வாங்க தர்ஜினி இருக்கா. 2019-ல லிவர்பூல் உலகக் கோப்பையில இலங்கை பதினஞ்சாவது இடத்துலதான் முடிச்சது. ஆனா மொத்தப் போட்டியிலயும் அதிக கோல் போட்டது யாரு? ஆஸ்திரேலியாக்காரியா? நியூசிலாந்துக்காரியா? இல்ல. 348 கோல், தர்ஜினி சிவலிங்கம். வலைப்பந்து ஆசியக் கோப்பைய இலங்கை 2022 வரைக்கும் ஆறு தடவை ஜெயிச்சுருக்கு.

அதுல ஒரு தடவை 2009. போர் முடிஞ்ச வருசம். அந்த வருசத்தப் பத்தி நான் விளக்க வேண்டியதில்ல, வலது பக்கம் பாய்ல உக்காந்துருக்கவங்க முகத்தப் பாத்தாத் தெரியும். அந்த வருசம் சிங்களப் பொண்ணுங்க தூக்கிப் போடுற பந்த யாழ்ப்பாணத்துத் தமிழ்ப்பொண்ணு மேல வாங்கி வளையத்துல போட்டுச்சு. அதனால எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் சொல்ல வரல. பந்து விழுந்துச்சு, அவ்வளவுதான் சொல்றேன்.

இன்னொருத்தர விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காது. வல்வெட்டித்துறை ஆனந்தன், ஆழிக்குமரன்னு பட்டம். 1954-லயே நவரத்தினசாமிங்குறவரு நமக்கும் இலங்கைக்கும் நடுவுல இருக்குற பாக் நீரிணைய நீந்திக் கடந்துருந்தாரு. ஆனந்தன் 1971-ல அக்கரையில இருந்து நீந்தி நம்ம கரையத் தொட்டுட்டு, அப்படியே திரும்பி நீந்திப் போனாரு. 51 மணி நேரம். நாம ராமேஸ்வரம் போனா கடல்ல மூணு முங்கு போட்டுட்டு, "தண்ணி ரொம்ப உப்புப்பா"ன்னு ரூமுக்கு ஓடியாறோம்! அதோட விடல, ஒத்தக் கால்ல 33 மணி நேரம் நின்னு உலக சாதனை. நம்ம வீட்லயும் ஒத்தக்கால்ல நிப்பாங்க, நகை வேணும், பைக் வேணும்னு. அவரு நாட்டுக்கு நின்னாரு. 1984-ல ஆங்கிலக் கால்வாய நீந்தப் போனாரு, அந்த முயற்சியிலயே உயிரு போச்சு. இவருக்கு எந்த ஸ்டேடியத்துல கேலரி கட்டுனாங்க? எத்தனை கேமரா கூடவே நீந்துச்சு?

அண்ணே, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு. 2023 செப்டம்பர், கொழும்பு, ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். நான் டீய அடுப்புல வச்சுட்டு டிவியப் போட்டேன். டீய வடிகட்டிட்டு வந்து பாத்தா ஆள் ஆளா நடந்து போறாங்க. இலங்கை 50-க்கு ஆல் அவுட். அந்தப் பக்கம், அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி டோக்கியோவுல மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்ல இலங்கையோட தினேஷ் பிரியந்த ஹேரத்து ஈட்டிய 67.79 மீட்டர் எறிஞ்சு உலக சாதனையோட தங்கம் வாங்குனாரு. அவருக்குக் கீழ வெள்ளியும் வெண்கலமும் நம்ம இந்தியாக்காரங்க. 50 அவுட்ட நீங்க பாத்தீங்க. 67.79-ஐ எத்தனை பேர் பாத்தீங்க?

முதல் மணி அடிச்சுட்டாரு. முடிச்சுர்றேன் அய்யா.

போன வருசம் அந்தப் பிள்ளை, இப்ப பன்னெண்டாம் வகுப்பு, "வலைப்பந்துக்கு ஒரு வளையம் போடுவமா டீச்சர்?"னு கேட்டா. மேலூர்ல வெல்டிங் பட்டறையில போய் நின்னேன். 38 சென்டிமீட்டர் வளையம், தரையில இருந்து பத்தடி உசரம்னேன். பட்டறைக்காரரு, "பலகைய விட்டுட்டீங்களே டீச்சர், பந்து எதுல பட்டு உள்ள விழும்?"னாரு. "எதுலயும் படாமத்தான் விழணும்"னேன். என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு, ஆனா கூலியில நூறு ரூபா குறைச்சுக்கிட்டாரு. கம்பத்த நட்டு, சிமென்ட் காயுற வரைக்கும் மூணு நாள் தாத்தா காவல் உக்காந்தாரு, ஆடு உரசிரக் கூடாதாம்.

எதிரணி அண்ணனுக்கு இந்த மேடையில வச்சே அழைப்பு விடுக்குறேன். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் சரி, நாளைக்குக் காலையில எங்க மைதானத்துக்கு வாங்க. பத்துப் பந்து தர்றேன். அந்தப் பிள்ளைக்கும் பத்து. நடுவர் அய்யா எண்ணட்டும்.

வணக்கம்.