புக்கர் வாஷிங்டன் முதலில் வெளியிட்ட சுயசரிதை

நேயர்களுக்கு வணக்கம். புக்கர் டி. வாஷிங்டன் என்ற பெயரை உங்களில் சிலர் பள்ளிப் பாடத்தில் கேட்டிருக்கலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு புகையிலைப் பண்ணையில் 1856இல் அடிமையாகப் பிறந்தவர். பண்ணை முதலாளி இறந்த பிறகு 1861இல் ஒரு சொத்துப் பட்டியல் எடுத்தார்கள். அதில் சிறுவன் புக்கருக்கும் ஒரு விலை போட்டிருக்கிறார்கள்: 400 டாலர். அந்தச் சிறுவன்தான் பின்னால் 1881இல் அலபாமாவில் டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பின ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியைத் தொடங்கினார். சாகும்வரை அதை நடத்தினார்.

அவருடைய சுயசரிதை என்றதும் எல்லாரும் 1901இல் வந்த 'அப் ஃப்ரம் ஸ்லேவரி'யைத்தான் சொல்வார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1900இல், அவர் பெயரில் இன்னொரு சுயசரிதை வந்தது. 'தி ஸ்டோரி ஆஃப் மை லைஃப் அண்ட் வொர்க்' என்று பெயர். இல்லினாய் மாநிலத்தில் நேப்பர்வில் என்ற சின்ன ஊரில் இருந்த ஜே. எல். நிக்கல்ஸ் நிறுவனம் போட்டது. நான் பேச வந்தது இந்த முதல் புத்தகத்தைப் பற்றித்தான்.

இது கடையில் விற்ற புத்தகம் இல்லை. நம் ஊரில் பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்துப் பணம் வாங்குகிறார்களே, கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அங்கே ஏஜெண்டு வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார். அந்தக் காலத்து ஏஜெண்டுகள் கையில் ஒரு மாதிரிப் புத்தகம் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. முழுப் புத்தகமாக இருக்காது. நடுநடுவே பொறுக்கிய பக்கங்கள், நல்ல படங்கள், அட்டையின் உள்புறத்தில் துணியில் ஒன்று தோலில் ஒன்று என்று முதுகு அட்டை மாதிரிகள், கடைசியில் கோடு போட்ட வெற்றுத் தாள்கள். வாங்குகிறவர் அந்தத் தாளில் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மேலே இருந்தால் நமக்கும் கை நீளும், இல்லையா? அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் எழுதிய நினைவுக் குறிப்புகளும் 1880களில் இப்படித்தான் விற்றன. புத்தகக் கடையே இல்லாத தெற்கத்திக் கிராமத்தில், புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட கறுப்பினக் குடும்பத்துக்குப் புத்தகம் போய்ச் சேர வேறு நல்ல வழி கிடையாது. வாஷிங்டனின் இந்தப் புத்தகம் முக்கியமாக அவர்களை நம்பித்தான் அச்சானது.

சரி, சர்ச்சை எங்கே வந்தது? எழுதியவர் யார் என்பதில். வாஷிங்டனுக்கு உட்கார்ந்து எழுத நேரமில்லை. எட்கர் வெபர் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரை எழுத்து வேலைக்கு அமர்த்தினார். 1899 கோடையில் வாஷிங்டன் ஐரோப்பாவில் இருந்தார், மேற்பார்வை சரியாக இல்லை. பிழைகளோடு புத்தகம் வந்தது. நடுவே சொற்பொழிவுகள், பத்திரிகைச் செய்திகள், கடிதங்கள் என்று அப்படி அப்படியே சேர்த்திருந்தார்கள். அவருக்குத் திருப்தி இல்லை. திருத்தப் பதிப்பு வந்தது. அதற்குள் அடுத்த புத்தகத்துக்கு மேக்ஸ் பென்னட் த்ராஷர் என்ற வெள்ளையரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அது முதலில் 'அவுட்லுக்' வார இதழில் தொடராக வந்தது. டஸ்கீகிக்கு நன்கொடை தரக்கூடிய வசதியான வெள்ளையர்கள் படிக்கும் இதழ் அது.

அதனால் முதல் புத்தகத்தை அவசரத்தில் செய்த அரைகுறை வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதற்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

முதல் புத்தகத்தில் ஓர் அதிகாலைக் காட்சி வருகிறது. சிறுவன் புக்கர் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய மாமாவை நிர்வாணமாக மரத்தில் கட்டி மாட்டுத்தோல் சவுக்கால் அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் அவர் எஜமானைக் கெஞ்சுகிறார். அடிமை வாழ்க்கையில் தன் மனதில் மிக ஆழமாகப் பதிந்தது இதுதான், சாகும்வரை மறக்காது என்று எழுதுகிறார். மறுபடியும் சொல்கிறேன், மிக ஆழமாகப் பதிந்தது இதுதான் என்கிறார். அடுத்த வருடம் வந்த புகழ்பெற்ற புத்தகத்தில் இந்தக் காட்சியே இல்லை. அதில் தன் எஜமானர்கள் மற்றவர்களோடு ஒப்பிட்டால் அப்படியொன்றும் கொடுமைக்காரர்கள் இல்லை என்றுதான் வருகிறது.

ஏஜெண்டிடம் வாங்கிப் படித்த கறுப்பின வாசகருக்கு மாமாவின் முதுகு தெரியும். வார இதழில் படித்த நன்கொடையாளருக்குத் தெரியாது. எழுத்து வேலையை வெபர் செய்தார் என்பதற்காக இந்த நினைவை வாஷிங்டனுடையது இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? வெபர் அந்த மரத்தடியில் நிற்கவில்லையே. பிழை மலிந்த பதிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நன்கொடையாளர் முகத்தைப் பார்த்துப் பேசாத வாஷிங்டன் அதில்தான் இருக்கிறார்.

அவருடைய இரட்டை வாழ்க்கை இதோடு முடியவில்லை. வெளியே வெள்ளையரோடு அனுசரித்துப் போகச் சொன்னவர், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக 1903இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஜைல்ஸ் வழக்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்திருக்கிறார். கடிதங்களில் மாற்றுப் பெயர்கள். அதே ஆண்டுதான் டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் அவரைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். இந்த வழக்கையே விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது.

காந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை 1903 செப்டம்பரில் வாஷிங்டனைப் பாராட்டி எழுதியது. அப்போது அந்தப் பத்திரிகையில் தமிழ்ப் பகுதியும் இருந்தது.

இரண்டு சுயசரிதைகளும் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் 1900ஆம் வருடத்துப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் படியுங்கள், அப்புறம் மற்றதற்குப் போங்கள். வணக்கம்.