ரெண்டு கோந்தை, ஒரு குச்சி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம அப்பார்ட்மென்ட் ஆண்டு விழாவுல பிள்ளைகளோட நேரம் செலவழிக்கிறது எப்படின்னு பேசுங்கன்னு செகரெட்டரி சார் சொல்லிட்டார். எப்படின்னு சத்தியமா எனக்குத் தெரியாது. செலவழிக்கப் போய் சொதப்பின கதை ஒண்ணு இருக்கு, அதைத்தான் சொல்லப் போறேன். கதையில பனைமரம் வரும், அதுக்காக தினைத்துணை பனைத்துணைன்னு குறள்ல ஆரம்பிச்சுடுவேன்னு பயப்படாதீங்க.

எனக்கு தூத்துக்குடி மாவட்டம், உடன்குடி பக்கம். தேரி மண்ணு, அதாவது செம்மணல் மேடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை. மே மாசம் லீவு விட்டா பனையேறி மாமா நுங்குக் குலை வெட்டிப் போடுவார், கீழ நாங்க எட்டு பத்து பேர் நிப்போம், அருவாளால காயோட தலையைச் சீவிக் குடுப்பார், சுளை இருக்கிற மூணு கண்ணு தெரியும், பெருவிரலை விட்டு ஒரு கிண்டு கிண்டி வாயை வெச்சு உறிஞ்சணும், பாதித் தண்ணி மூக்குல போகும், மீதி சட்டையில. அந்தக் கறை போகவே போகாது, எங்கம்மா அதுக்குன்னே ஒரு பழைய சட்டை வெச்சிருப்பாங்க. ஆனா நாங்க தின்னது வயித்துக்காக மட்டும் இல்லைங்க. தின்னு முடிச்ச வெறும் கூடு இருக்கே, எங்க ஊர்ல கோந்தைன்னு சொல்வோம், அதுதான் எங்களுக்கு முக்கியம். ஒரே சைஸ்ல ரெண்டு கோந்தை, நடுவுல ரெண்டு முனையும் கூரா சீவின ஒரு சாண் குச்சி, அதைத் தள்ள கவட்டை வெச்ச ஒரு நீளக் கம்பு. அவ்வளவுதான், நுங்கு வண்டி ரெடி. தேரி மண்ணுல சக்கரம் புதைஞ்சிடும், அதனால தார் ரோட்டுக்கு ஓடுவோம். வாயால ஹாரன், வாயால கியர், கடைக்குப் போய் சீனி வாங்கிட்டு வான்னா வண்டியிலதான் போறது.

என் பொண்ணுக்கு எட்டு வயசு. அவளுக்கு நுங்கு நல்லாவே தெரியும், நம்ம தெருமுனையில உரிச்ச சுளையை பாலிதீன் பையில கட்டித் தர்றாங்களே அது. போன மே மாசம் பேச்சுவாக்குல நுங்கு வண்டின்னு சொல்லிட்டேன், நுங்கு விக்கிற வண்டியாப்பான்னு கேட்டா. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. நுங்குக்கு ஓடு இருக்குன்னே அவளுக்குத் தெரியல. சரி, ஊருக்குப் போறோம், அப்பா உனக்கு காட்டறேன்னு பெருசா வாக்கு குடுத்துட்டேன்.

ஊருக்குப் போனா மரம் இருக்கு, குலை தொங்குது, ஏற ஆள் இல்ல. பனையேறி மாமா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், அவர் பையன் திருப்பூர்ல கம்பெனி வேலை, மரம் ஏற கால்ல மாட்டுற அவரோட தளைநார் மட்டும் வீட்டுச் சுவத்துல ஆணியில தொங்கிட்டு இருக்கு. பனை நம்ம மாநில மரம், வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்ல அறிவிச்சாங்க, நல்ல விஷயம்தான், நானும் கைதட்டினேன். மரத்தைக் காப்பாத்தியாச்சு, ஏறுறதுக்கு யாரு? பதநீர் இறக்க காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, சீசன்ல ஒரு ஆளு முப்பது நாப்பது மரம்கூட ஏறி இறங்கியிருக்காங்க, தவறி விழுந்தா இடுப்பு போச்சு, அந்த வேலைக்கு எவன் தன் பிள்ளையை அனுப்புவான், நான் அனுப்புவேனா? மாட்டேன். அதனால புலம்ப எனக்கும் யோக்கியதை இல்ல.

அஞ்சு நாள் இருந்துட்டு வெறுங்கையோட கிளம்பினோம். திரும்பி வர்றப்போ திண்டிவனம் தாண்டி ரோட்டோரம் ஒரு அக்கா நுங்கு சீவிட்டு உக்காந்திருந்தாங்க, பக்கத்துல கோந்தை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. வண்டியை ஓரங்கட்டினேன். அக்கா, ரெண்டு கோந்தை வேணும்னேன். அவங்க என்னை ஏற இறங்க பாத்துட்டு, எதுக்கு தம்பி, மாட்டுக்கான்னு கேட்டாங்க. பாப்பாவுக்கு வண்டி செய்யன்னதும் சிரிச்சுட்டு, அவங்களே குவியலைக் கிளறி ஜோடி பாத்து எடுத்துக் குடுத்தாங்க, காசு வாங்கல, ஒரு டஜன் நுங்கு வாங்கினதுல கணக்கு சரியாப் போச்சு. பாதி முத்திப்போன கடுக்கா நுங்கு, அது வேற விஷயம்.

வீட்டுக்கு வந்து பார்க்கிங்ல உக்காந்து செஞ்சேன். இங்கதான் சொதப்பல். குச்சி சீவத் தெரியல எனக்கு. முப்பது வருஷம் முன்னாடி கண்ணை மூடிட்டு செஞ்ச கை, இப்போ ஒரு குச்சியை நடுவுல குத்தத் தெரியாம நாலு தடவை கோணலாக் குத்தி, ஒரு சக்கரம் நொண்டி மாதிரி ஆடுது. சரின்னு அவ கையில குடுத்தேன். குடுத்துட்டு சும்மா இருந்தேனா? அப்படி இல்ல பாப்பா, கம்பைச் சாய்ச்சுப் பிடி, வேகமா ஓடு, வளைவுல இந்தப் பக்கம் அழுத்து, நாங்கல்லாம் அப்போ எப்படித் தெரியுமான்னு ஆரம்பிச்சுட்டேன். அவளுக்கு ஓடறதுல இஷ்டமே இல்லைங்க. சக்கரம் ஆடறதால டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வருது, அதைக் கேட்டுட்டு மெதுவா நடக்கணும் அவளுக்கு. அப்புறம் நிறுத்திட்டு கண்ணை எண்ணினா. அப்பா இதுல மூணு, அதுல ரெண்டுதான்னா. எனக்கு அதுவரைக்கும் கண்ணுல படல. ரெண்டு கண்ணு கோந்தை உருண்டையா இருக்காது, சப்பையா இருக்கும், வண்டி நொண்டினதுக்கு பாதிக் காரணம் அதுதான். நான் அதைக் கழட்டி வேற மாத்தறேன்னு கையை வெச்சேன், அவ வேணாம்னு பிடுங்கறா.

என் வீட்டுக்காரம்மா லிஃப்ட் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தவங்க, ஏங்க, வண்டி உங்களுக்கா அவளுக்கான்னு கேட்டாங்க. அதோ முன் வரிசையில சிரிக்கிறாங்க பாருங்க. நான் ஒண்ணும் சொல்லாம போய் தூண்ல சாஞ்சு உக்காந்துட்டேன். கோவம்தான், ஒத்துக்கறேன். என்னோட சந்தோஷத்தை அப்படியே எடுத்து அவ கையில வெச்சா அவளும் அதே மாதிரி துள்ளுவான்னு எதிர்பாத்துட்டேன் போல.

அப்போதான் நம்ம வாட்ச்மேன் அண்ணன் சேரை விட்டு எழுந்து வந்தார். ராத்திரி பதினோரு மணிக்கு கேட் திறக்க நாலு ஹாரன் அடிக்கணுமே, அதே மனுஷன்தான். பாப்பா, ஒரு ரவுண்டு தர்றியான்னு கேட்டார். கம்பை வாங்கி, நொண்டிச் சக்கரத்தோடவே, பி பிளாக் தூண் எல்லாம் சுத்தி, செகரெட்டரி சார் காரை ஒரு இஞ்ச்ல உரசாம வளைச்சு, வாயால ஹாரன் அடிச்சுட்டு வந்து நின்னார் பாருங்க, மூச்சு வாங்குது, முகம் முழுக்க பல்லு. அவருக்கு விழுப்புரம் விக்கிரவாண்டி பக்கம், அங்கயும் பனை உண்டு. என் பொண்ணு எதுவும் சொல்லாம கம்பை வாங்கினா, அவர் போன அதே வழியில ஓடினா. நான் அரை மணி நேரம் சொல்லியும் ஓடாதவ.

மூணாம் நாள் கோந்தை சுருங்கி, எறும்பு மொய்க்க ஆரம்பிச்சுடுச்சு. தூக்கிப் போடணும்னதும், இதை நட்டா மரம் வருமாப்பான்னு கேட்டா. வராதும்மா, விதையாக வேண்டியதைத்தான் நாம தின்னுட்டோம்னேன். கொஞ்ச நேரம் பேசல. விதை வேணும்னா பழுக்கவிடணும், ஆடி ஆவணியில பழம் விழும், அதுக்குள்ள கொட்டை இருக்கும்னு சொன்னேன், மறந்துடுவான்னு நினைச்சேன். மறக்கல. ஆவணியில எங்கண்ணன் பஸ்ல மூணு கொட்டை குடுத்து விட்டான். பழைய பெயின்ட் பக்கெட்ல மண்ணு போட்டு பால்கனியில வெச்சிருக்கோம். முளை மேல வராது, முதல்ல கீழதான் இறங்கும், அதனால நாலு மாசமா வெறும் மண்ணுக்கு தண்ணி ஊத்திட்டு இருக்கா.

இன்னும் பத்து நாள்ல பொங்கல். தோண்டினா பனங்கிழங்கு, மஞ்சள் போட்டு அவிச்சுத் திங்கலாம். தோண்டாம எங்கயாவது தரையில வெச்சா மரம், ஆனா காய்க்க பதினஞ்சு இருபது வருஷம் ஆகும், ஆண்பனையா பெண்பனையான்னு பூக்கிற வரைக்கும் தெரியாது, ஆண்பனையா இருந்தா நுங்கே கிடையாது. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவிக்கலாமா நடலாமான்னு தினமும் ராத்திரி கேட்டா, யோசிக்கறேம்பா, அவசரப்படுத்தாதேங்கறா. நம்ம காம்பவுண்ட் சுவர் ஓரமா கொஞ்சம் இடம் இருக்கு, அவ நடலாம்னு சொல்லிட்டா அசோசியேஷன் பர்மிஷன் குடுக்கணும், இதை மைக்லயே கேட்டுடறேன் செகரெட்டரி சார்.