யானைக்கு வாதாடிய வக்கீல்: கொர்னீலியா சொராப்ஜி

எல்லோருக்கும் வணக்கம். பொது அறிவுப் புத்தகங்களில் பல பேர் மனப்பாடம் செய்திருக்கும் ஒரு பெயரை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் யார்? கொர்னீலியா சொராப்ஜி. ஒரு மார்க். முடிந்தது. 2017இல் கூகுள் முகப்பில் அவர் படம் வந்தபோதும் இந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் பகிர்ந்தோம்.

எனக்கு அந்த ஒரு வரியோடுதான் சண்டை. அது பொய் இல்லை. ஆனால் இந்த அம்மா வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த வேலையில் பெரும்பகுதியை, வக்கீலாக அங்கீகாரம் கிடைப்பதற்கு முன்பே செய்து முடித்துவிட்டார்.

1866இல் நாசிக்கில் பிறந்தவர். அப்பா பார்சியாகப் பிறந்து கிறிஸ்தவரானவர். அம்மா புனேயில் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி இவர்தான். தேர்வில் முதலிடமும் இவருக்குத்தான். முதலிடம் வந்தால் இங்கிலாந்து போய்ப் படிக்க அரசு உதவித்தொகை உண்டு. பெண் என்பதால் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் உட்படச் சிலர் சேர்ந்து பணம் திரட்டிக் கொடுத்து, 1889இல் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரிக்குப் போகிறார்.

அங்கே 1892இல் சட்டத் தேர்வு. ஆண்களோடு ஒரே மண்டபத்தில் உட்கார வேண்டாம், கல்லூரியிலேயே தனியாக எழுதிக்கொள் என்கிறார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக எழுதினால் நாளைக்கு அதற்கு மதிப்பில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று தெரியும். கடைசி நேரத்தில் பல்கலைக்கழகம் தனித் தீர்மானம் போட்டு மண்டபத்துக்குள் விட்டது. எழுதினார், மூன்றாம் வகுப்பில் தேறினார். பட்டம்? அது கைக்கு வந்தது 1922இல். முப்பது வருஷம் கழித்து! 1920 வரை ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டமே கொடுக்கவில்லை.

சரி, ஊர் திரும்பினார். பம்பாயில் சட்டத் தேர்வு, தேறினார். அலகாபாத்தில் வக்கீல் தேர்வு, அதிலும் தேறினார். சன்னது, அதாவது வக்கீலாகத் தொழில் செய்வதற்கான உரிமம், அது மட்டும் கிடைக்கவில்லை. சமஸ்தானங்களில் ராஜா அனுமதித்தால் வாதாடலாம் என்ற நிலை இருந்ததால் அங்கே போனார். அப்படி ஒரு யானையின் சார்பில் வாதாடிய கதையை அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ராஜாதான் நீதிபதி. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவருடைய நாய். இவர் வாயைத் திறந்து வாதாடுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: என் நாய்க்கு உன்னைப் பிடித்திருக்கிறது, நீ ஜெயித்துவிட்டாய்! படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பாருங்கள், ஆக்ஸ்ஃபோர்டில் மண்டபத்துக்காகச் சண்டை போட்ட பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்?

இனி நான் சொல்ல வந்த பகுதிக்கு வருகிறேன். 1904இல் வங்காளத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பில் அவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. பெயரில் கோர்ட் இருந்தாலும் இது நீதிமன்றம் கிடையாது. ஜமீன்தார் இறந்துபோய் வாரிசு மைனராக இருந்தாலோ, சொத்தை நிர்வகிக்க முடியாத நிலையில் ஒரு பெண் இருந்தாலோ, அரசே ஜமீனைக் கையில் எடுத்துக்கொண்டு நடத்தும். நம் பக்கத்திலும் இருந்ததுதான். பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்தபோது ராமநாதபுரம் ஜமீன் இதன் கையில்தான் இருந்தது.

வங்காளத்துச் சிக்கல் என்னவென்றால், அந்தக் குடும்பத்துப் பெண்கள் பர்தாவுக்குள் இருப்பவர்கள். வெளி ஆண் யாரும் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. வக்கீல் ஆண். கலெக்டர் ஆண். பத்திரம் எழுதுபவரும் ஆண். ஆக, திரைக்கு இந்தப் பக்கம் நின்று காரியஸ்தர் ஒரு தாளை நீட்டுவார். அந்தப் பக்கமிருந்து கையெழுத்தோ கைநாட்டோ வரும். உள்ளே இருப்பது அந்த ராணியம்மாதானா, அல்லது வேலைக்காரியா? வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தாளில் எழுதியிருப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியுமா? சாட்சிக் கையெழுத்துப் போடுபவர் பார்த்ததெல்லாம் ஒரு திரைச்சீலை.

இந்த ஏமாற்று நீதிமன்றத்துக்குத் தெரியாமல் இல்லை. பர்தாவில் இருக்கும் பெண் எழுதிக் கொடுத்த பத்திரம் என்றால், அவருக்கு அதை விளக்கிச் சொன்னோம், அவர் புரிந்துகொண்டுதான் கொடுத்தார் என்று சொத்தை வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று, அன்றைக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரைக்கும் தீர்ப்புகள் வந்தன. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சட்டம் பயன்பட வேண்டுமென்றால் முதலில் அந்தப் பெண் வழக்குப் போட வேண்டும். வழக்குப் போட வக்கீலிடம் பேச வேண்டும். அதற்கும் நடுவில் இருப்பவர் யார்? அதே காரியஸ்தர்!

கொர்னீலியா அந்தத் திரையைத் தாண்டி உள்ளே போகக்கூடிய ஆள். பெண், அதோடு சட்டம் படித்தவர். வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என்று ரயிலிலும் படகிலும் பல்லக்கிலும் போய், உள்ளே தரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஜீவனாம்சம் ஒழுங்காக வருகிறதா, பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்களா, இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று. 600க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் இப்படி உதவியிருக்கிறார் என்கிறார்கள். கறுப்பு அங்கி கிடையாது, மை லார்ட் கிடையாது. உத்தியோகத்தின் பெயரும் உதவியாளர்தான். என்னைக் கேட்டால் வக்கீல் வேலை என்பது இதுதான்.

இன்னொரு விஷயம். பெண்கள் வக்கீலாகலாம் என்ற கதவு திறந்ததற்கு இவர் மட்டும் காரணம் என்று சொன்னால் அது இரண்டு பேருக்குச் செய்யும் அநியாயம். 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா விண்ணப்பித்தார், உயர் நீதிமன்றம் தள்ளியது. 1921இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ரா, அங்கேயும் அதே பதில். அதே 1921இல்தான் அலகாபாத் உயர் நீதிமன்றம் மட்டும் கொர்னீலியாவைப் பதிவு செய்துகொண்டது. பிறகு ஹரி சிங் கௌர் சட்டசபையில் இதை எடுத்துப் பேசி, 1923இல் சட்டமே வந்தது. அதைப் பார்க்க ரெஜினா உயிரோடு இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் சென்னையில் ஆனந்தா பாய் போன்றவர்கள் 1920களின் இறுதியில் வக்கீலாக வர முடிந்தது.

கொர்னீலியா 1924இல் கல்கத்தாவில் தொழில் தொடங்கும்போது வயது 57. எழுத்துவேலையும் கருத்துரை கொடுப்பதும்தான் பெரும்பாலும் கிடைத்தது. சில வருஷத்தில் விட்டுவிட்டு லண்டன் போய்விட்டார்.

இனி கசப்பான பகுதி. இதை மறைத்துவிட்டு வீடியோ போட எனக்கு மனசில்லை. அவர் பிரிட்டிஷ் ஆட்சியின் பக்கம் நின்றவர், காந்தியைக் கடுமையாக எதிர்த்தவர். 1927இல் அமெரிக்கப் பெண்மணி கேதரின் மேயோ இந்தியாவை இழிவாகக் காட்டி எழுதிய புத்தகத்தை, சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று காந்தி சொன்னாரே, அந்த மேயோவுக்கு இவர் ஆதரவாக நின்றார். ஊரே திரும்பிக்கொண்டது. கூட வேலை செய்தவர்களும் விலகினார்கள்.

எனக்குத் தோன்றுவது, இருபது வருஷம் அந்தப்புரங்களுக்குள் பார்த்த கொடுமைதான் அவர் கண்ணை நிறைத்திருந்தது. அந்த ஜமீன்களைக் காப்பாற்றி வைத்திருந்ததே அவர் நம்பிய சர்க்கார்தான் என்பதை மட்டும் அவர் கடைசி வரை பார்க்கவில்லை. அவர் அரசியலை நான் ஏற்கவில்லை. அதற்காக அந்த 600 பேரைக் கணக்கிலிருந்து அடித்துவிடவும் முடியாது.

1954இல் லண்டனில் காலமானார். 2012இல் அங்கே வக்கீல்கள் சங்கமான லிங்கன்ஸ் இன்னில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

சட்டக் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் இதைப் பார்க்கிறீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 132ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வழக்கப்படி வெளியே வராத பெண்களுக்கு நீதிமன்றத்தில் நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு இன்னமும் இருக்கிறது. அது இருக்கலாமா, எடுத்துவிடலாமா? உங்கள் வாதத்தைக் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் ரெஜினா குஹா வழக்கை எடுக்கும்போது அவற்றையும் படிக்கிறேன்.