கடைசி மணி நேரங்களில் கைக்குத் தெரிய வேண்டியவை

அவையோரே, செவிலியர் படிப்பில் இருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

இறக்கும் நோயாளியைப் பராமரிப்பதில் உங்கள் மனநிலையை அளக்க ஃப்ரோமெல்ட் அளவுகோல் இருக்கிறது. 30 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகக் குறைந்தது 30, கூடினால் 150. பாதி வாக்கியங்கள் எதிர்மறையானவை. அவற்றின் மதிப்பெண்ணை, 1-ஐ 5 என்றும் 5-ஐ 1 என்றும், திருப்பிப் போடாமல் கூட்டினால் கணக்கே பாழ். ஆய்வு செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தாளில் 130 வாங்கியவரும் வார்டில் என்ன செய்கிறார்? பி.பி. பார்க்கிறார், டிரிப்பைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறார். இது மரண பயம் மட்டுமல்ல. உள்ளே நின்று என்ன செய்வதென்று தெரியாத பயம்தான் அதில் பெரும்பங்கு என்பேன். அதனால் செய்முறையையே பேசுகிறேன்.

தொண்டையில் சளி கரகரக்கும். உடனே சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாயைத் தேடாதீர்கள். சளி ஆழத்தில் நிற்கிறது. குழாயை உள்ளே தள்ளினால் ரத்தக் கசிவும் வேதனையும்தான் மிஞ்சும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தி, வாயோரம் வடிவதைத் துடையுங்கள். மருத்துவர் எழுதித் தரும் கிளைகோபைரோலேட் ஊசி புதிதாகச் சுரப்பதைத்தான் குறைக்கும். ஏற்கெனவே தேங்கியதை எடுக்காது. ஆகவே சத்தம் தொடங்கியதுமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூச்சு வேகமெடுக்கும், தணியும், சில நொடிகள் நின்றே போகும், மறுபடி வரும். செயின்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று படித்திருப்பீர்கள். உறவினருக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், போய்விட்டார் என்று அழத் தொடங்கும்போது மூச்சு திரும்பும். அந்த அதிர்ச்சி லேசானதல்ல.

சாப்பாட்டையும் சலைனையும் நிறுத்தும்போது, “பட்டினி போட்டே கொல்றீங்களா?” என்று உறவினர்கள் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். பசியும் தாகமும் குறைந்துகொண்டே போகும். தளர்ந்த இதயமும் சிறுநீரகமும் ஏற்காத சலைன் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் நீராகவும் சேரும். விழுங்க முடியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும். ஈரப் பஞ்சால் மணிக்கொரு தடவை, இரண்டு மணிக்கொரு தடவை வாயை நனைக்கலாம். அந்தப் பஞ்சை மகள் கையிலேயே கொடுங்கள்.

வலிக்குத் தக்க அளவில் படிப்படியாகக் கூட்டித் தரும் மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை. ஆனால் அது மலச்சிக்கல் தரும்; மாத்திரை விழுங்கும் நாட்களில் கூடவே மலமிளக்கி தர மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நினைவிழந்தவரின் வலியைச் சுருங்கும் நெற்றியிலும் புரட்டும்போது வரும் முனகலிலும் பாருங்கள்.

“நான் பொழைக்க மாட்டேனா, சிஸ்டர்?” என்று கேட்டால், “அதெல்லாம் சரியாயிடும்” என்று ஓடாதீர்கள். உட்காருங்கள். “ஏன் அப்படித் தோணுது, ஐயா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எத்தனை நாள் என்று கணிப்பது உங்கள் வேலையல்ல. ஆனால் கேட்டதை அந்த டூட்டி முடிவதற்குள் மூத்த செவிலியரிடம் சொல்லியாக வேண்டும்.

உயிர் பிரிந்து, மருத்துவர் உறுதி செய்த பின், விறைப்பு 2 முதல் 4 மணி நேரத்தில் இமையிலும் தாடையிலும் தொடங்கும். அதற்குள் கண்ணை மூடி, பல்செட்டைப் பொருத்தி, தலைக்குத் தலையணை வையுங்கள். இல்லையென்றால் ரத்தம் தேங்கி முகம் கறுக்கும். உடலைப் புரட்டும்போது நுரையீரலில் மிஞ்சிய காற்று பெருமூச்சுபோல வெளியேறும். தெரியாத மாணவர் அலறிவிடுவார். முதல் முறை யாரையும் தனியாக அனுப்பாதீர்கள், ஆசிரியர்களே. முடிந்ததும் பத்து நிமிடமாவது உட்கார வைத்துப் பேசுங்கள்.

பக்கத்துக் கட்டில்காரரை மறந்துவிடுகிறோம். திரை மறைத்தாலும் அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும். கை கழுவியதும் முதலில் அவரிடம் போங்கள்.