புது ஷூ வேண்டாம் ராசா

வணக்கம் நேயர்களே. மலையேற்றத்தைப் பத்திப் பேசுங்க சார்னு கூப்பிட்டாங்க, ஆனா நான் மலையைப் பத்திக் கொஞ்சம்தான் பேசுவேன், காலைப் பத்தித்தான் நிறைய. மதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல 26 வருஷம் பி.டி. வாத்தியாரா இருந்தவன் நான். ஒம்பதாங்கிளாஸ் பசங்களைக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போறது நம்ம பொறுப்பு. ஏரியில போட் விட்டுட்டு சாக்லேட் வாங்கிட்டு வர்ற டூர் இல்லங்க, வட்டக்கானல்ல ஆரம்பிச்சு டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி வெள்ளகவிங்கிற மலைக் கிராமம் வழியா நடந்தே அடிவாரத்துல இருக்கிற கும்பக்கரைக்கு இறங்குறது.

2018 மார்ச்ல தேனிப் பக்கம் குரங்கணி காட்டுத்தீ உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்துப் போயிட்டாங்க. வனத்துறை பர்மிஷன் இல்லாம காட்டுக்குள்ள ஒரு அடி வைக்கக் கூடாதுங்கிறது அதுக்கப்புறம் எல்லாருக்கும் மண்டையில ஏறுச்சு. கோடை வந்துட்டா புல்லு காஞ்சு தீக்குச்சியா நிக்கும், அதனால எங்க கணக்கு எப்பவும் அரையாண்டு லீவுதான், ஆனா வேலை ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சிரும்.

என்ன வேலைன்னா, ஸ்கூல் பையில பேப்பர்ல சுத்தின செங்கல் ரெண்டு, அதை மாட்டிக்கிட்டு தினம் கிரவுண்டைச் சுத்தணும். ஞாயித்துக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலை. ஏறத்தான் கஷ்டம் இறங்குறது ஈஸின்னு எல்லாரும் நினைக்கிறாங்க, கிடையவே கிடையாது, இறங்கும்போதுதான் கால் விரல் எல்லாம் முன்னாடி போய் ஷூவுல இடிக்கும், நகம் கருத்துப் போயிரும். அதனால முதல் பாடம் என்ன, நகம் வெட்டு. ரெண்டாவது பாடம், புது ஷூ போடாதே. இதை நான் அசெம்பிளியில சொல்லுவேன், பேரன்ட்ஸ் மீட்டிங்ல சொல்லுவேன், டைரியில எழுதி அனுப்புவேன், சாப்பாட்டு வரிசையில நிக்கிறப்பகூடச் சொல்லுவேன், பசங்க எனக்கு 'புது ஷூ'ன்னே பேர் வச்சிட்டாங்க.

அப்படியும் ஒருத்தன் போட்டுட்டு வந்தான். பேரு வேண்டாம், இப்ப நல்ல வேலையில இருக்கான். அவங்கப்பா பாசத்துல முந்தின நாள் ராத்திரி வாங்கிக் கொடுத்திருக்கார், வெள்ளை ஷூ, நடந்தா கிறீச் கிறீச்சுனு சத்தம் வேற. பழைய பேப்பர் கடைத் தராசுல பையை எடை போட்டா 14 கிலோ, பையன் எடையே 41. ஆள் எடையில கால்வாசியைத் தாண்டக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சிருக்கேன். உள்ள பாத்தா அவங்கம்மா கொடுத்த ஊறுகாய் மட்டும் ரெண்டு கண்ணாடி பாட்டில். ஒண்ணை நான் பறிமுதல் பண்ணேன், ஆமா சாப்பிட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு.

டால்பின் நோஸ் தாண்டினதுமே நொண்ட ஆரம்பிச்சிட்டான். குதிகால்ல சூடா எரியிற மாதிரி இருந்தா அப்பவே நின்னு பிளாஸ்திரி ஒட்டணும், கொப்புளம் வந்தப்புறம் ஒட்டி என்ன பிரயோஜனம்? இவன் வெக்கப்பட்டுச் சொல்லலை, சாக்ஸைக் கழட்டிப் பாத்தா ரெண்டு குதிகால்லயும் ரெண்டு ரூபாய்க் காசு சைஸுக்குக் கொப்புளம். நல்லவேளையா வெள்ளகவி வந்திருச்சு. அந்த ஊருக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்க, ஊரையே கோயிலா பாக்கிறவங்க, நாங்களும் எல்லையிலயே கழட்டிட்டோம். அன்னைக்கு 38 பேர்ல சந்தோஷமா நடந்த ஒரே ஆள் அவன்தான்!

இன்னொரு விஷயம், இது முக்கியம். விழிப்புணர்வு நாடகம்னு பசங்க ஒண்ணு தயார் பண்ணியிருந்தாங்க, மஞ்சப்பை பேசுற மாதிரி, பிளாஸ்டிக் கவர் வில்லன். அதை அந்த ஊர்ல போட்டாங்க. எல்லாரும் உக்காந்து ரசிச்சாங்க, கை தட்டினாங்க. முடிஞ்சதும் ஒரு பாட்டி, "நல்லாத்தான் நடிச்சீக சாமி, ஆனா இங்க ரோடே கிடையாது, அரிசி பருப்பு எல்லாம் குதிரை முதுகுல வருது, நோவு வந்தா ஆளைத் தூக்கிட்டுப் போறோம். அந்தச் சிப்ஸ் கவரை மேல இருந்து கொண்டாறது யாரு?"ன்னுச்சு. என் பசங்க ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்கிறான். எனக்கும்தாங்க வாயடைச்சுப் போச்சு, ஏன்னா அந்த நாடகத்துக்கு ஓகே சொன்னதே நான்.

மறுநாள் வந்த வழியிலயே கொஞ்ச தூரம் திரும்ப ஏறி, டூரிஸ்டுங்க போட்ட கவரும் பாட்டிலும் மூணு சாக்கு பொறுக்கி, கும்பக்கரை வரைக்கும் மாத்தி மாத்திச் சுமந்தாங்க. அப்புறம் ஜனவரியில அதே நாடகத்தை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல, கொடைக்கானல் பஸ் நிக்கிற இடத்துல போட்டாங்க. இந்தத் தடவை பாட்டி வேஷம் ஒண்ணு சேர்த்துக்கிட்டாங்க, அந்த ஒத்தைக் கேள்விதான் வசனமே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுறார், ஒரு நிமிஷமாம். பொண்ணுங்களை அனுப்ப வீட்டுல யோசிக்கிறதைப் பத்தித்தான் விரிவாப் பேசலாம்னு வந்தேன், என் ஷூ கதை அதை முழுங்கிருச்சு. ஒண்ணு மட்டும், கூட ரெண்டு டீச்சரம்மா வரணும், நாப்கினை ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியிலேயே வச்சிரணும், யாரும் கேட்டு வாங்குற மாதிரி வைக்காதீங்க. செல்போன் பத்தி இன்னொரு நாள் கூப்பிட்டா பேசுறேன். நகம் வெட்டிருங்க. வணக்கம்.